நகரச் சொல்ல ஆளில்லை

மகள் போனில் சொன்னதை அத்தையும் கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

"அப்பா, அம்மாவையும் அத்தைப்பாட்டியையும் கூட்டிக்கிட்டு ஒரு சனி ஞாயிறு கிளம்பி வாங்க. இங்க பினாலே நடக்குது. மார்ச்சோட முடிஞ்சிரும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அத்தை திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "பினாயில் வாங்கவா கொச்சி வரைக்கும் கூப்பிடறா? தெப்பக்குளத்துல லிட்டர் கணக்குல விக்கிறானே" என்றாள்.

"பினாயில் இல்ல பாட்டி, பினாலே. கொச்சி-முசிறி பினாலே."

அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டாள். "முசிறியிலயா? அதுக்கு எதுக்கு ரயிலு? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறுனா ஒரு மணி நேரம். என் ஓரகத்தி மகளைக் குடுத்த ஊருதான். மத்தியான சாப்பாட்டை அங்கேயே முடிச்சுக்கலாம்."

திருச்சிக்காரர்களுக்கு முசிறி என்றால் ஒரே முசிறிதான். காவிரிக்கு வடகரை, எதிர்க்கரையில் குளித்தலை, கோரைப் பாய். யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு பேசும் முசிறி வேறு, அது சேரநாட்டில் பெரியாற்று முகத்தில் இருந்தது என்று நான் விளக்கினேன். அத்தை கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்ப நம்ம முசிறிக்குக் கப்பலே வரலையா?" என்றாள். வரவில்லை என்று சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

பினாலே என்பது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் கலைக் காட்சி. வெனிஸில் 1895-லிருந்து நடக்கிறது. கொச்சியில் 12-12-2012 அன்று தொடங்கினார்கள். போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள் எடுத்துச் செய்த காரியம். கோட்டைக் கொச்சியில் பூட்டிக் கிடந்த பழைய கிடங்குகளையும் பங்களாக்களையும் திறந்து, கூட்டிப் பெருக்கி, அவற்றுக்குள் இன்றைய கலையை வைத்தார்கள். கட்டடம் பழசு, சரக்கு புதுசு. நாங்கள் போனது 2017 பிப்ரவரியில், மூன்றாவது பினாலேக்கு.

"எத்தனை நாளு நடக்குது?" என்று அத்தை கேட்டாள்.

"டிசம்பர் பன்னிரண்டுலேருந்து மார்ச் இருபத்தொன்பது. நூத்தியெட்டு நாள்."

"நூத்தியெட்டா?" நூற்றெட்டு திருப்பதிகளில் முதலாவதாக நிற்கும் ஊர்க்காரி அவள். "அப்ப சரி. போயிட்டு வந்துருவோம்" என்றாள். அந்த எண் மட்டும் நூற்றேழாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது.

என்னைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, நான் திருவெறும்பூர் பெல்லில் வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷனில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். பாய்லர் குழாயில் ஒரு ஜாயிண்டைப் பார்த்தால் பாஸ் அல்லது ரிஜெக்ட், மூன்றாவது வார்த்தை கிடையாது. இரண்டு, நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதி. எங்கள் ஊரில் பார்ப்பது என்ற வினைச்சொல்லே கோயிலுக்கு வெளியேதான் செல்லும். உள்ளே போனால் சேவிப்பது.

சேவிப்பதற்கும் ஒரு கால அளவு உண்டு. பெரிய பெருமாள் பள்ளிகொண்டவர். திருவடியிலிருந்து திருமுடி வரை நீட்டிச் சயனித்திருப்பார். வரிசையில் ஊர்ந்து போய் எதிரே நிற்கும் நொடியில் "நகருங்க, நகருங்க" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலைக் குறை சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் மார்கழிக் கூட்டம் பங்குனி வரை நிற்கும். ஆனால் அந்த ஒரு நொடியில் திருவடி கிடைத்தால் திருமுகம் கிடைக்காது, திருமுகம் கிடைத்தால் திருவடி போய்விடும். அறுபது வருஷமாக நான் பெருமாளைத் தவணை முறையில்தான் சேவித்து வருகிறேன்.

ஆக, எனக்குத் தெரிந்த பார்வை இரண்டு. குறை கண்டுபிடிப்பது, கும்பிட்டுவிட்டு நகர்வது. இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு டீ கார்டன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினேன். மனைவி புளிசாதம் கட்டினாள். அத்தையின் மஞ்சப்பையில் மணப்பாறை முறுக்கு இரண்டு பாக்கெட் இருந்தது.

எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து கோட்டைக் கொச்சிக்குப் படகு. சீன வலைகள் கொக்கு மாதிரி குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. வாஸ்கோ டகாமாவை 1524-இல் புதைத்த தேவாலயத்தை மகள் காட்டினாள். பிறகு எலும்புகளைத் தோண்டிப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். "இருக்கற கோயிலைக் காட்டாம, போன ஆளோட குழியைக் காட்டறா" என்று அத்தை என் காதில் சொன்னாள்.

ஆஸ்பின்வால் ஹவுஸ்தான் முக்கியமான இடம். 1867-இல் ஜான் ஆஸ்பின்வால் என்ற இங்கிலாந்துக்காரர் தொடங்கிய வியாபாரம். தேங்காயெண்ணெய், மிளகு, இஞ்சி, மஞ்சள், மரம் எல்லாம் இங்கிருந்து கப்பலேறின. காயலை ஒட்டி நீள நீளமாகக் கிடங்குகள், ஓட்டுக் கூரை, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்கள். திருச்சிக்காரருக்கு எளிதாகச் சொல்வதென்றால், காந்தி மார்க்கெட்டில் நாலைந்து வெங்காய மண்டிகளைக் காலி செய்து, மூட்டை இருந்த இடத்தில் கலையை வைத்துவிட்டு, ஆளுக்கு நூறு ரூபாய் டிக்கெட் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. யாரும் சிரிக்க வேண்டாம். அந்த மண்டிகளின் தூண்களை நிமிர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், செய்யக்கூடிய காரியம்தான்.

நான் உள்ளே போய்ப் பதினோரு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் மகள் இன்னும் வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா, டாய்லெட் வேணுமா?"

"முடிச்சிட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும். எட்டு ரூம் பார்த்தாச்சு. தீர்த்தம் பிரசாதம் ஒண்ணும் இல்லையே, நேரா வந்துட்டேன்."

மகள் என்னைப் பார்த்த பார்வையில் அவள் அம்மா தெரிந்தாள். "திரும்பி உள்ள போங்க. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ரெண்டு நிமிஷம் நில்லுங்க. உங்களை யாரும் பிடிச்சுத் தள்ள மாட்டாங்க."

இரண்டு நிமிஷம்! எங்கள் ஊரில் அது மந்திரி வந்தால் கொடுக்கிற நேரம்.

திரும்பிப் போனேன். முதல் அறையில் நின்றேன். நாலாவது விநாடியில் கால் தானாக நகர்ந்தது. பிடித்து இழுத்து நிறுத்தினேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. மூலையில் நாற்காலி போட்டுக் கல்லூரிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் அட்டை. அவள் 'நகருங்க' என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு என்னை மேலும் கலவரப்படுத்தியது. எவ்வளவு நேரம் நின்றால் மரியாதை? எப்போது போகலாம்? கையைக் கட்டிக்கொள்வதா, பின்னால் வைத்துக்கொள்வதா? கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை இரண்டு தடவை எழுந்து, பாதியில் தலையைக் கோதிவிட்டு இறங்கியது.

பார்க்கத் தெரியாதபோது மனிதன் தொழிலுக்குத் திரும்பிவிடுகிறான். எதிரே ஏதோ ஒன்று ஓர் இரும்புச் சட்டத்தின் மேல் இருந்தது. நான் குனிந்து சட்டத்தின் ஜாயிண்டுகளைப் பார்த்தேன். அண்டர்கட் இல்லை, பொராசிட்டி இல்லை, மணி மணியாக விழுந்திருந்தது. நல்ல கை. நாலு மூலையையும் பார்த்து எழுந்தபோது அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "சார், ஆர்ட் மேலே இருக்கு. இது ஸ்டாண்டு" என்றாள், மலையாளம் கலந்த தமிழில், மிகவும் பணிவாக.

"ஸ்டாண்டு பாஸ்" என்றேன். மேலே இருந்ததைப் பற்றி இன்று வரை என்னிடம் தீர்ப்பு இல்லை.

நவீன ஓவியம் எனக்குப் புதிது என்று நினைத்துவிட வேண்டாம். துறையூர் பக்கம் கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம் எங்கள் ஜில்லாக்காரர். காந்தியைக் கறுப்புக் கோட்டில் நூறு விதமாக வரைந்தவர். ஜூனியர் விகடனில் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட கோடுகளைப் பார்த்துத்தான் என் தலைமுறை இந்தப் பக்கம் வந்தது. ஒரு கிழவரின் முகத்தில் மூக்கு எங்கே தொடங்குகிறது, மீசை எங்கே முடிகிறது என்று தெரியாது, ஆனால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் கதை இருந்தது என்பதை நான் யோசித்ததில்லை. கொச்சியில் கதை இல்லை, அதற்குப் பதில் பலகை இருந்தது.

பலகை என்றால் திருச்சி அருங்காட்சியகத்துப் பலகையை நினைக்காதீர்கள். ராணி மங்கம்மாள் மகாலில், தர்பார் நடந்த மண்டபத்தில் இருக்கிறது எங்கள் ஊர் அருங்காட்சியகம். அங்கே சிலைக்குக் கீழே சிலையின் பெயர், நூற்றாண்டு, கிடைத்த ஊர். மூன்று வரி, முடிந்தது. கொச்சியில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். படிப்பதற்கு முன் பாதி புரிந்த மாதிரி இருந்தது, படித்து முடித்ததும் அந்தப் பாதியும் போனது. வெளியை விசாரணைக்கு உட்படுத்துகிறது, காலத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது என்கிற தோரணை. எங்கள் ஊரில் யாரையாவது விசாரணைக்கு உட்படுத்தினால் வீட்டில் வக்கீலைத் தேடுவார்கள். அந்த வருஷத்துப் பினாலேயைத் தொகுத்தவர் சுதர்சன் ஷெட்டி என்ற சிற்பி. அவர் வைத்திருந்த தலைப்பை மட்டும் மகள் சொன்னதும் எனக்குப் பிடித்துப்போனது. கண்ணின் மணியில் உருக்கொள்வது என்று பொருள். கண்மணிக்குத் தமிழில் பாவை என்று ஒரு பெயர் இருக்கிறது. மார்கழி முழுக்கப் பாவை கேட்டு எழுகிற ஊர்க்காரனுக்கு அதை விளக்கப் பலகை வேண்டாம்.

அத்தை இதற்குள் முற்றத்தில் ஒரு கூம்புக் கோபுரத்தைக் கண்டுபிடித்திருந்தாள். கண்டுபிடித்தது கண்ணால் அல்ல, மூக்கால்.

"சாணி" என்றாள். குரலில் ஊரைப் பார்த்துவிட்ட சந்தோஷம்.

அது அலேஷ் ஷ்டேகர் என்ற ஸ்லோவேனியக் கவிஞர் செய்தது. நாடு கடத்தப்பட்ட கவிஞர்களின் பிரமிடு. மூங்கிலும் பாயும் வைத்துக் கட்டி, மண்ணும் சாணியும் பூசியிருந்தார்கள். அத்தை சுவரை உள்ளங்கையால் தடவினாள். தொடக்கூடாது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் விரலால் சுண்டியும் பார்த்துவிட்டாள். எழுபத்தாறு வயதில் அவளும் ஒரு இன்ஸ்பெக்டர்தான். "வைக்கோல் சேர்த்துப் பிசைஞ்சிருக்கான். வெடிக்காது. வெள்ளைக்காரனுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள். பாஸ்.

உள்ளே இருட்டு. ஒரு ஆள் போகிற அகலத்தில் வழி வளைந்து போகிறது. சுவர்களுக்குள்ளிருந்து குரல்கள் வருகின்றன. என்னென்னவோ மொழிகள். நான் முன்னால் போனேன், அத்தை என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள், அவள் புடவையை என் மனைவி பிடித்துக்கொண்டாள். பரமபத வாசலில் போகிற மாதிரி போனோம், தள்ள ஆளில்லாமல். வெளியே வந்ததும் அத்தை, "யாருடா உள்ள பேசறாங்க? அழற மாதிரியும் இருக்கு, பாடற மாதிரியும் இருக்கு" என்றாள்.

மகள் சொன்னாள். ஊரை விட்டு விரட்டப்பட்ட கவிஞர்கள், பாட்டி. இத்தாலியில் தாந்தே, ஜெர்மனியில் பிரெக்ட், பாலஸ்தீனத்தில் தர்வீஷ். சிலர் திரும்பிப் போகவே இல்லை.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம நம்பெருமாள் மாதிரி" என்றாள்.

இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். 1323-இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தது. மூலவர் சந்நிதிக்கு முன் கல்சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவரான அழகிய மணவாளரைத் தூக்கிக்கொண்டு பிள்ளை லோகாசாரியர் தலைமையில் ஒரு சிறு கூட்டம் இரவோடு கிளம்பியது. தள்ளாத வயது அவருக்கு. மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் அவர் காலம் முடிந்தது. மிச்சம் பேர் பெருமாளைத் தூக்கிக்கொண்டு மலையாள தேசம் போனார்கள், கோழிக்கோட்டில் இருந்தார்கள், மேல்கோட்டை போனார்கள், திருமலையில் பல வருஷம் வைத்திருந்தார்கள். செஞ்சியிலிருந்த கோபண்ணார் 1371-இல் பெருமாளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். நாற்பத்தெட்டு வருஷம். போனவர்களில் பெரும்பாலோர் இல்லை, இருந்தவர்களில் யாரும் முன்பு பார்த்தவர்கள் இல்லை. வந்தது நம் பெருமாள்தானா என்று ஊரில் சந்தேகம் வந்துவிட்டது. இடையில் வேறொரு மூர்த்தியை வைத்து பூஜை நடந்துகொண்டிருந்தது வேறு.

கடைசியில் கண் தெரியாத ஒரு கிழட்டு வண்ணாரைக் கூட்டிவந்தார்கள். ஈரங்கொல்லி என்பார்கள், பெருமாளின் ஆடை துவைத்தவர். அபிஷேகம் செய்து அந்த ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். குடித்துப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்றார். அழகிய மணவாளருக்கு நம்பெருமாள் என்ற பேர் அன்றிலிருந்து. கோயிலொழுகில் இருக்கிற கதை, எங்கள் வீதியில் எல்லாக் குழந்தைக்கும் தெரியும்.

இதை அத்தை தமிழில் சொல்ல, மகள் மலையாளத்தில் சொல்ல, கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பையன்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். "கோழிக்கோட்டில் எங்கே இருந்தார்?" என்று ஒருவன் கேட்டான். அவன் ஊர் கோழிக்கோடு. "அதை நீதாம்ப்பா சொல்லணும், உங்க வீட்டுலதான தங்கியிருந்தாரு" என்றாள் அத்தை. பெரியாற்று வெள்ளத்தில் முசிறி தூர்ந்து கொச்சித் துறைமுகம் திறந்துகொண்டது 1341-இல் என்பார்கள். அந்த நேரம் எங்கள் பெருமாள் ஊரில் இல்லை, ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பலகையைப் படிக்காமல் நாக்கால் சரிபார்த்த அந்த வண்ணாரைவிடப் பெரிய இன்ஸ்பெக்டரை நான் பெல்லில் பார்த்ததில்லை.

அடுத்த கிடங்கு வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். "ஆகா, இது நம்ம வழக்கம்" என்று அத்தை முன்னால் போனாள். போனவள் நின்றுவிட்டாள்.

உள்ளே தண்ணீர். நீளமான கிடங்கு முழுக்க, சுவரிலிருந்து சுவர் வரைக்கும் கடல்நீர். முழங்காலுக்குக் கீழே ஓடாமல் அசையாமல் நிற்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அந்த வருஷம் மழை பொய்த்து, தமிழ்நாடு முழுவதையும் வறட்சி என்று அறிவித்திருந்தார்கள். காவிரியில் அம்மா மண்டபத்துப் படிக்குக் கீழே மணல்தான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே குடியிருப்பவன் காலை நனைக்கக் கொச்சிக்கு வந்து டிக்கெட் வாங்கியிருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரிப்பு அந்தக் கிடங்கில் எதிரொலித்தது, சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

பக்கச் சுவர்களில் துணிகளில் கேள்விகள் எழுதியிருந்தார்கள். கடைசிச் சுவரில் ஒரு கவிதை. அங்கே போய்ச் சேர நடக்க வேண்டும், தண்ணீரில் வேகமாக நடக்க முடியாது. செய்தவர் ராவுல் சுரிதா, சிலி நாட்டுக் கவிஞர். படைப்பின் பெயர் 'வலியின் கடல்'. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் சிவப்புச் சட்டையோடு முகம் கவிழ்ந்து கிடந்த சிரியாக் குழந்தை ஆலனின் படத்தைப் பார்க்காதவர் இருக்கமாட்டார்கள். அதே படகில் அவன் அண்ணன் காலிபும் போனான். ஐந்து வயது. அவனை யாரும் படம் எடுக்கவில்லை. இது அந்தப் பையனுக்காகச் செய்தது.

அந்தக் கடைசிச் சுவரை அடைந்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. 'நகருங்க' என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. இந்தத் தடவை நேரம் போகாததால் அல்ல. நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. எங்கள் கோயிலில் அந்தக் குரல் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

வெளியே வந்து காலைத் துடைத்துக்கொண்டபோது பசித்தது. சாப்பிடும் இடம் தேடிக்கொண்டிருந்த அரை மணியில் அத்தையைத் தொலைத்துவிட்டோம்.

கடைசியில் காயல் பக்கம் ஜன்னலுள்ள ஒரு காலி அறையில் அகப்பட்டாள். தரையில் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மஞ்சப்பை. பைக்கு மேல் முறுக்குப் பாக்கெட். மடியில் வெற்றிலைப் பெட்டி. கண் மூடியிருந்தது. அவளுக்கு எதிரே ஆறு பேர் அரை வட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் வடக்கத்திக்காரர்கள், இருவர் வெள்ளைக்காரத் தம்பதி. வெள்ளைக்காரர் கையைப் பின்னால் கட்டியிருந்தார். அந்த அம்மாள் சுவரில் பலகை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். யாரும் பேசவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். எனக்கு அவர்கள் மேல் பொறாமையாகக்கூட இருந்தது, எப்படி நிற்கிறார்கள் பாருங்கள்.

அத்தை கண்ணைத் திறந்தாள். ஆறு பேரையும் வலமிருந்து இடமாகப் பார்த்தாள்.

"நகருங்கப்பா, நகருங்க. காத்து வரட்டும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்குக் காலையிலிருந்து காத்திருந்த நான் முதலில் நகர்ந்தேன். மற்றவர்கள் புரியாமல் நின்றார்கள். அத்தை மனமிரங்கி ஆளுக்கொரு முறுக்கு கொடுத்தாள். வெள்ளைக்காரர் அதைத் தின்னவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சுற்றுச் சுற்றாகப் பார்த்தார். மணப்பாறை முறுக்கை அப்படி ஒருவர் பார்த்து நான் கண்டதில்லை. நானும் ஒன்று எடுத்துப் பார்த்தேன். மூன்று சுற்று, நடுவே ஓமம். இத்தனை வருஷம் தின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

சாயங்காலம் மகள் ஒரு சுவருக்குக் கூட்டிப்போனாள். பி.கே. சதானந்தன் என்ற கேரளச் சுவரோவியர், பறையி பெற்ற பன்னிரண்டு குலங்களின் கதையை வரைந்துகொண்டிருந்தார். கல், மண், இலைச்சாறு என்று சொந்தமாகத் தயாரித்த வண்ணங்கள். பினாலே நடக்கும் நாளெல்லாம் வரைவது, அதைப் பார்க்கிறவர்கள் பார்ப்பது. அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளில் வள்ளோன் என்று ஒருவர் உண்டு, அவர்தான் திருவள்ளுவர் என்பது மலையாளிகள் கட்சி. அதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தைக்கு அங்கேதான் மிகவும் பிடித்தது. "இங்கதான் ஒருத்தராவது வேலை பாக்கறாரு" என்றாள்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் சாயங்காலம் அத்தையோடு கோயிலுக்குப் போனேன். அவள் தாயார் சந்நிதிக்குப் போக, நான் வெள்ளைக் கோபுரம் பக்கம் சேஷராயர் மண்டபத்தில் நின்றேன். விஜயநகர காலத்துக் குதிரைகள். அரை டிரவுசர் போட்ட வயதிலிருந்து அந்த வழியாகத்தான் போகிறேன். குறுக்கு வழி. சேவிக்க அங்கே யாருமில்லை என்பதால் நின்றதே இல்லை.

ஒரு தூணுக்கு முன் நின்றேன். முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நிற்கிறது குதிரை. வாய் திறந்து பல் தெரிகிறது. மேலே வீரன். கீழே பாய்கிற புலி, அதன் வாயில் ஈட்டியைப் பாய்ச்சும் ஆள். ஈட்டி புலிக்குள் போய் மறுபக்கம் வெளியே வருகிறது. ஒரே கல். ஜாயிண்ட் எங்கே என்று தேடினேன், பழக்கம். ஜாயிண்டே இல்லை. குதிரையின் வயிற்றுக்குக் கீழே குனிந்து பார்த்தேன், சேணத்தின் பட்டையைக்கூட இழுத்துக் கட்டியிருக்கிறான். இருட்டில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்.

இரண்டு நிமிஷத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பினேன். ஏழு பேர் எனக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முதலில் நின்ற அம்மாள் கையில் துளசி, வெளியூர் முகம்.

"ஏங்க, இது எந்தச் சேவைக்கு வரிசை? டிக்கெட்டா, தர்மமா?"

"தர்மந்தாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்து வழிவிட்டேன்.